கூட்டு ஆர்டரில் கீபோர்டு வாங்கலாமா?

விரும்பிய நிறத்திலும் வடிவத்திலும் கீபோர்டு அமைத்துக் கொள்வது இன்று பலருக்குப் பொழுதுபோக்கு. இதற்கான பொருட்களை வாங்க "குரூப் பை" என்னும் கூட்டு ஆர்டர் முறை உண்டு.

இதில் டிசைனர் முதலில் கம்ப்யூட்டரில் வரைந்த படத்தைத்தான் காட்டுவார். பெரும்பாலும் முழுப் பணத்தையும் முன்பே கட்ட வேண்டும். தொழிற்சாலை கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை சேர்ந்தால்தான் தயாரிப்பு தொடங்கும்.

நன்மை என்ன? ஆரம்பச் செலவு பலருக்கும் பங்காவதால், கடையில் கிடைக்காத டிசைன்கள் கிடைக்கின்றன. ஜெர்மனியின் ஜிஎம்கே நிறுவனக் கீகேப்கள் பல இப்படி விற்கப்பட்டவையே. இவற்றில் எழுத்துகள் அச்சிடப்படாமல் வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுவதால் அழிவதில்லை.

ஆபத்து என்ன? 2020க்குப் பின் பல ஆர்டர்கள் வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆனது. இடையில் விற்பவர் கடையை மூடிவிட்டால் பணம் திரும்புவது கடினம். கிரெடிட் கார்டு புகாருக்கும் காலக்கெடு உண்டு. அதற்குள் பொருள் வராமலே போகலாம்.

எனவே விற்பவர் பழைய ஆர்டர்களை ஒழுங்காக அனுப்பியுள்ளாரா, ரத்து செய்தால் பணம் கிடைக்குமா என்று பாருங்கள். வெளிநாட்டுப் பொருளுக்குச் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். முதல் கீபோர்டை ஸ்டாக்கில் இருப்பதாகவே வாங்குங்கள். ஓராண்டு முடங்கினாலும் பாதிக்காத பணத்தை மட்டும் கூட்டு ஆர்டரில் போடுங்கள்.