டேப்பட் சத்தம் அடங்கினால் மட்டும் போதுமா?

பழைய அம்பாசடரின் பானட்டைத் திறந்து வைத்தால் மேலிருந்து மெல்லிய 'டிக் டிக்' வரும். பலரும் அதை நோய் என்று நினைத்து, அடக்கித் தரச் சொல்லி மெக்கானிக்கிடம் போகிறார்கள். அளவான அந்தச் சத்தம் ஆரோக்கியம். அது அறவே இல்லாத இன்ஜினைப் பார்த்துத்தான் கவலைப்பட வேண்டும்.

1959 முதல் அம்பாசடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் இதன் உடன்பிறப்புதான். இதில் கேம்ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அது டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ்ராடைத் தள்ள, புஷ்ராடு ராக்கரைச் சாய்க்க, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கிறது. இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

ராக்கர் நுனிக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இடைவெளி விட வேண்டும். சூட்டில் உலோகம் நீளும். அதற்கு இடம் இல்லையென்றால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் ஹெட்டில் உள்ள வால்வு சீட்டில் உட்காரும்போதுதான் இறக்கி வைக்கிறது. உட்கார முடியாத வால்வின் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும்.

இடைவெளி கூடினால் சத்தம் கூடும். ஆனால் டிக் டிக் எல்லாமே டேப்பட் அல்ல. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங் கசிந்தாலும் அதே மாதிரி கேட்கும். அந்தக் கசிவுச் சத்தம் பெரும்பாலும் வண்டி சூடானதும் குறைந்துவிடும். இன்ஜினின் அடியிலிருந்து, லோடு ஏறும்போது கனமாக இடித்தால் அது பேரிங். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் இடம் பிடிபடும். கவரைக் கழற்றி, ஐட்லிங்கில் ஒவ்வொரு ராக்கரின் கீழும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

சரிசெய்ய ஓர் அழகான கணக்கு உண்டு. முன்பக்கத்திலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணுங்கள். எட்டாவது முழுக்க அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள். ஆறாவது அமுங்கினால் மூன்றாவதை. கூட்டினால் எப்போதும் 9. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். ராக்கரில் இடைவெளியை மாற்றும் ஸ்க்ரூவின் லாக் நட்டை இறுக்கும்போது அந்த ஸ்க்ரூவும் கூடவே திரும்பும். இறுக்கிய பிறகு மறுபடி அளக்காவிட்டால் செய்த வேலை வீண்.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையா? ராக்கர் நுனியைத் திருப்பிப் பாருங்கள். வால்வுத் தண்டு இடித்து இடித்து அங்கே குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேலே பாலம்போல் கிடக்கும். கேஜ் காட்டுவதைவிட உண்மை இடைவெளி அதிகம். ராக்கர் ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம், அதன் எண்ணெய்த் துளைகள் அடைத்திருக்கலாம். சத்தத்தோடு இழுவையும் குறைந்தால் கேமின் முகடே தேய்ந்திருக்கக்கூடும்.

இதைவிட ஆபத்தான கதை, தானாகவே அமைதியாகும் இன்ஜின். 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல்தான். நம் காற்றுக்கு அது பெரும் நன்மை. ஆனால் பழைய பெட்ரோலின் ஈயம் வால்வு சீட்டில் படிந்து தேய்மானத்தைத் தடுத்து வந்தது. கடினமான சீட் பொருத்தாத பழைய ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சிறுகச் சிறுக உள்ளே புதையும். புதையப் புதைய அதன் தண்டு மேலேறி இடைவெளியைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், ஹெட்டுக்குக் கடினமான சீட் போட நேரம் வந்துவிட்டது.

அடுத்த முறை ஒர்க்‌ஷாப் போனால் "சத்தமில்லாமல் பண்ணிக் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "கேஜ் போட்டு அளந்து வையுங்க" என்று கேளுங்கள்.