கொலுக் குதிரையின் கோணிய கால்

கேரள நாட்டில் நவராத்திரி என்றால் ஏடுகளையும் கருவிகளையும் பூசையில் வைப்பதே முதன்மையான வழக்கம். படி கட்டிக் கொலு வைப்பது பெரும்பாலும் தமிழ் இல்லங்களின் வழக்கம். திருப்பூணித்துறையில் பூர்ணத்ரயீசர் ஆலயத்தைச் சூழ்ந்து வழிவழியாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களிலும், அம்பலமுகள் ஆலைகளிலும் கொச்சித் துறைமுகத்திலும் பணியேற்று வந்தவர்களின் வீடுகளிலும் அப்படிகளைக் காணலாம். மேற்படிகளில் பண்ருட்டியிலும் விளாச்சேரியிலும் வனைந்த மண் பொம்மைகள் வீற்றிருக்கும். கீழே, பிள்ளைகள் அமைத்த பூங்காவில், பிளாஸ்டிக்கால் ஆன குட்டிக் குதிரை ஒன்று நிற்கும். சில ஆண்டுகள் சென்றால் அது நிற்பதில்லை. ஒரு கால் உள்ளே மடங்கி, அருகிலுள்ள செட்டியார் பொம்மையின்மேல் சாய்ந்துவிடுகிறது.

அதைக் குப்பையில் எறிவது எளிது. ஆனால் ஊர்விட்டு ஊர் மாறும் குடும்பத்தில் பழைய வீட்டிலிருந்து உடன் வரும் பொருள்கள் மிகச் சிலவே. அக்குதிரையை வைத்து விளையாடிய மகள் இன்று வேறோர் ஊரில் குடித்தனம் நடத்துகிறாள். குழந்தையோடு கொலுவுக்கு வரும்போது அவள் கண் முதலில் அதைத்தான் தேடும். அதே பொம்மையை மறுபடி வாங்கவும் இயலாது. வளைந்த கால் முறிந்த கால் அன்று. பெரும்பாலும் அதனை வீட்டிலேயே நிமிர்த்திவிடலாம் என்பதை எடுத்துரைப்பதே இங்கு நம் நோக்கம்.

பிளாஸ்டிக் என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வேண்டிய உருவில் பிடித்து வைக்கத்தக்கது என்பது அதன் பொருள். தமிழில் நெகிழி என்கிறோம். நெகிழிகள் இரு பெரும் பிரிவின. ஒன்று, ஒருமுறை இறுகியபின் மீண்டும் இளகாதது. 1907இல் பேக்லாண்டு கண்டறிந்த பேக்கலைட்டு இவ்வகை. சுட்ட செங்கல் மறுபடி களிமண் ஆகாததுபோல இதுவும் பழைய நிலைக்குத் திரும்பாது. மற்றொன்று, சூடேற்றினால் இளகி, ஆறினால் இறுகுவது; வெல்லப்பாகைப் போன்றது. குதிரைப் பொம்மைகள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ஆகவே அவற்றின் காலைக் கெடுத்ததும் வெப்பமே, திருத்தப்போவதும் வெப்பமே.

கெடுவது எவ்வாறு? குதிரையின் உடல் பருத்தது, கால்கள் மெல்லியவை. அய்யனார் கோயில் மண்குதிரைகளுக்குக் குயவர் கால்களைத் தூண்போலப் பருமனாக வனைவது காரணத்தோடுதான். நெகிழிக் குதிரைக்கு அந்தக் காப்பு இல்லை. கொலு முடிந்ததும் அதனைப் பெட்டியில் திணித்துப் பரணில் ஏற்றுகிறோம். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள சூடு வெளியிலுள்ளதைவிட மிகுதி. மாதக்கணக்கில் அச்சூடும் மேலிருந்து அழுத்தும் பாரமும் சேர்ந்து காலை மெல்ல மெல்ல வளைத்துவிடுகின்றன. சில பொம்மைகளோ ஆலையிலேயே, அச்சிலிருந்து எடுத்து முழுதும் ஆறுமுன் கோணிப்போனவை.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. பரணில் வளைந்த கால், தான் முதலில் வார்க்கப்பட்ட உருவை மறப்பதில்லை. மீண்டும் சூடு பட்டால் தானாகவே அந்த உருவை நோக்கித் திரும்ப முற்படும். ஆலையில் வளைந்த காலுக்கு அந்தக் கோணலே இயல்பான உருவம். அதனை நாம்தான் கையால் திருத்தவேண்டும். ஆகவே முதலில் சூடேற்றிப் பார்ப்பது, பிறகே கைவைப்பது என்னும் ஒழுங்கை மறத்தல் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் பொம்மை எதனால் ஆனது என்று அறியவேண்டும். விரலால் அழுத்தினால் இரப்பர்போல் இணங்குவது மென்மையான வினைல். அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட 'மை லிட்டில் போனி' என்னும் வண்ணக் குதிரைகள் இவ்வகை. உள்ளீடற்றுக் கெட்டியாக இருப்பது செல்லுலோஸ் அசிடேட்டாக இருக்கலாம். சிகாகோவில் தோன்றி 1950 முதல் குதிரைகளை வார்த்துவந்த பிரேயர் நிறுவனத்தின் உருவங்கள் அதனால் ஆனவை. தட்டினால் கணீரென ஒலித்து, வளைத்தால் ஒடிவது பாலிஸ்டைரீன். அதற்கு இம்முறை ஏலாது.

ஓர் எச்சரிக்கை. மிகப் பழைய, மெல்லிய, எடை குறைந்த பொம்மையை விரலால் தேய்த்துப் பார்த்துக் கற்பூர மணம் எழுந்தால் அது செல்லுலாயிடு. எளிதில் தீப்பற்றும் பொருள் அது. அதனை அடுப்பருகே கொண்டுசெல்லவே வேண்டா.

இனி முறையைக் காண்போம். குதிரையைச் சமமான கண்ணாடித் தட்டின்மேல் நிறுத்தி, எந்தக் கால் குற்றமுடையது என்று கவனிக்க. ஒரு கால் மடங்கியிருப்பதால் மற்றொரு கால் நீண்டதுபோல் தோன்றும். அதை நம்பிக் குளம்பைக் கத்தியால் சீவுவோர் உண்டு. அது திருத்த முடியாத கேடு.

வெப்பமானி இல்லாதவர்க்கும் அளவு எளிது. கொதிநீர் ஒரு பங்கு, குழாய்நீர் ஒரு பங்கு கலந்தால் ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸ். கொதிநீர் இரு பங்கானால் ஏறத்தாழ 75 டிகிரி. முதலில் முதற்கலவையில் காலை மட்டும் ஒரு நிமிடம் அமிழ்த்துக. திரும்பத் தொடங்குகிறதா என்று பார்க்க. அசைவில்லையேல் இரண்டாம் கலவைக்குச் செல்க. கால் இளகியதும் துணியால் பற்றி எடுத்து, வேண்டிய நிலைக்குச் சற்று அப்பாலும் போகுமாறு மெல்ல வளைக்க; கைவிட்டதும் அது சிறிது பின்வாங்கும். பிடித்த பிடியிலேயே குளிர்ந்த நீரில் மூன்று நிமிடம் வைத்திருக்க. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். உள்ளே சூடு இருக்கும்போதே கையை எடுத்தால் கால் பழையபடி கோணிக்கொள்ளும். ஒரே தடவையில் நிமிராவிட்டால் மூன்று நான்கு தடவை செய்யலாம். வலிந்து முறுக்கினால் தொடையருகே வெடிப்பு விழும்.

தலையும் வாலும் நனையாமல் காப்பது நன்று. சூட்டில் பிடரிமயிரின் சுருள் கெடும். வாலைப் பிணைக்கும் உலோக வளையம் உள்ளே துருப்பிடித்து வெளியே கறையாகத் தெரியும். உள்ளீடற்ற குதிரைகளில் சிறு காற்றுத்துளை இருக்கும். அதன் வழியே நீர் புகுந்தால் வடித்துவிடவேண்டும். அவற்றுக்குத் தலைமுடி உலர்த்தும் கருவியின் வெப்பக்காற்று ஏற்றது. ஆனால் ஓரிடத்திலேயே நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நேரடித் தீயும் பொங்கும் கொதிநீரும் ஆகா, வண்ணம் உரிந்துவிடும். 60 டிகிரி நீரே சில வினாடிகளில் தோலைச் சுட்டுவிடும். குதிரை குழந்தையுடையதாயினும் வேலை பெரியவர்களுடையதே; குழந்தைகள் தள்ளி நின்று காணட்டும்.

நிமிர்ந்த காலை மீண்டும் கோணாமல் காப்பது சேமிக்கும் முறையில் உள்ளது. குதிரையைப் பருத்தித் துணியில் சுற்றி, கால்களின்மேல் பாரம் விழாதபடி பக்கவாட்டில் கிடத்துக. வினைலிலிருந்து கசியும் மென்மையூட்டும் பொருள் மற்ற நெகிழிகளைத் தாக்கக்கூடும். ஆகவே பொம்மையோடு பொம்மை ஒட்டாமல் வைக்கவேண்டும். பெட்டியைப் பரணில் ஏற்றாமல், அலமாரியின் கீழ்த்தட்டில் வைப்பது நன்று. மாற்றலாகி வேறூர் செல்லும் நேரத்தில் அதனை வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டுவிடாமல் கைச்சுமையோடு எடுத்துச் செல்வோமாக. அடுத்த ஊரின் கொலுவிலும் அக்குதிரை தன் நான்கு காலில் நிற்கும்.