இரண்டு மீட்டர் நூலை மடிப்பது எப்படி?

குழந்தைகளே! செல்லுக்குள் உட்கரு இருக்கிறது என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் குறுக்களவு, ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை நீட்டி, முனையோடு முனை சேர்த்தால் எவ்வளவு நீளம் வரும், தெரியுமா? சுமார் 2 மீட்டர்!

உட்கருவை 10 சென்டி மீட்டர் பந்து அளவுக்குப் பெரிதாக்கினால், உள்ளே இருக்கும் நூல் 20 கிலோ மீட்டர் நீளம் இருக்கும். அதுவும் தலைமுடியை விட மெல்லிய நூல். அவ்வளவையும் சிக்கு விழாமல் அடைக்க வேண்டும். தேவைப்படும்போது தேவையான இடத்தைப் பிரித்துப் படிக்கவும் வேண்டும். செல் இதை எப்படிச் செய்கிறது?

பம்பரமும் சாட்டையும்

பம்பரத்தில் சாட்டையைச் சுற்றுவீர்கள் அல்லவா? அதுபோல டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றிக் கொள்கிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தது ஒரு பம்பரம். ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இழை சுற்றியிருக்கும். இந்த அமைப்பை 1974ம் ஆண்டு விளக்கிச் சொன்னவர், அமெரிக்காவைச் சேர்ந்த ரோஜர் கோர்ன்பெர்க். மனித செல் ஒன்றில் இப்படிச் சுமார் 3 கோடி பம்பரங்கள் உண்டு! இழையும் புரதமும் சேர்ந்த இந்தப் பொருளுக்குப் பெயர்தான் குரோமாட்டின்.

ஆளுக்கொரு இடம்

நம் செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. இவை நூடுல்ஸ் போலக் கலந்து கிடக்கின்றனவா? ஜெர்மனியைச் சேர்ந்த சகோதரர்கள் தாமஸ் கிரெமரும் கிறிஸ்டோஃப் கிரெமரும் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். ஹாம்ஸ்டர் என்ற எலியின் செல்லை எடுத்து, உட்கருவில் ஒரு சிறு புள்ளியில் மட்டும் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். எல்லாம் கலந்து கிடந்தால் பல குரோமோசோம்களில் காயம் பட்டிருக்க வேண்டும். பட்டதோ சிலவற்றில் மட்டுமே! வகுப்பறையில் உங்களுக்கு இருப்பது போல, குரோமோசோம்களுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பது புரிந்தது.

வேலி குலைந்தால்?

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மீட்டர் நூலின் இரு முனைகளிலும் மை வையுங்கள். இரண்டும் வெகு தூரத்தில் இருக்கின்றன. நூலை வளைத்துப் பிடியுங்கள். இரண்டும் தொட்டுக் கொள்கின்றன!

மரபணுவை ஒரு விளக்கு என்று வைத்துக் கொண்டால், அதன் சுவிட்ச் இழையில் வெகு தொலைவில் இருக்கலாம். குரோமாட்டின் வளையும்போது சுவிட்ச் பக்கத்தில் வந்து விளக்கை ஏற்றுகிறது. பக்கத்து வீட்டு விளக்கை அது ஏற்றிவிடாதபடி, இழையில் ஆங்காங்கே வேலி போன்ற எல்லைகளும் உண்டு.

சில குடும்பங்களில் குழந்தைகள் குட்டையான விரல்களோடு பிறந்தார்கள். வேறு சில குடும்பங்களில் ஒட்டிய விரல்கள் அல்லது கூடுதல் விரல்கள். பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மூலக்கூறு மரபியல் நிலைய ஆய்வாளர்கள் 2015ம் ஆண்டு காரணத்தைச் சொன்னார்கள். வேலி குலைந்ததால், கை, கால் வளர்ச்சிக்கான ஒரு சுவிட்ச் வேறொரு மரபணுவை ஏற்றிவிட்டது. அந்த மரபணுவில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. மடிப்பில்தான் பிழை!

டி.என்.ஏ.வில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டுமல்ல, அது எப்படி மடிந்திருக்கிறது என்பதும் முக்கியம். உங்கள் பத்து விரல்களும் சரியாக அமைந்ததற்கு, அந்த மடிப்பும் ஒரு காரணம்.