கடைசிப் பந்திக்கு வந்த ரயிலும் அதை இழுத்த யந்திரமும்

நாஞ்சில் நாட்டார் எத்தனையோ விஷயங்களில் முந்திக்கொள்பவர்கள். ரயில் விஷயத்தில் மட்டும் அவர்களுக்குக் கடைசிப் பந்தியில்தான் இலை போட்டார்கள். செங்கோட்டை மலைகளைக் குடைந்துகொண்டு 1904-ல் கொல்லத்தை அடைந்த இருப்புப் பாதை, 1918-ல் திருவனந்தபுரத்தை எட்டிற்று. அங்கிருந்து 71 கிலோமீட்டர் தூரத்திலுள்ள நாகர்கோவிலுக்கு வந்து சேர மேலும் 61 வருஷங்கள் பிடித்தன! அதுவரை, சென்னைக்குப் போக விரும்பியவர் மூட்டை முடிச்சுகளுடன் பஸ் ஏறித் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று, அங்கே ரயிலைத் தேடவேண்டியிருந்தது. 1979-ல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரையிலும், 1981-ல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருநெல்வேலி வரையிலும் பாதை திறந்த பிறகே இந்தத் துன்பம் ஒழிந்தது.

தாமதத்திலும் ஒரு விசேஷம் உண்டு. மற்ற ஊர்ப் பாட்டிமார் ரயிலென்றால் கரித்தூளையும் ‘குப் குப்’ ஓசையையும் நினைப்பார்கள். இரணியல், குழித்துறைப் பக்கத்துப் பிள்ளைகள் ரயிலென்று அறிந்ததோ பெரும்பாலும் டீசல் என்ஜினின் அடிவயிற்று உறுமலைத்தான். இப்பொழுது அந்தப் பாதை நெடுகிலும் மின்சாரக் கம்பிகள் ஓடுகின்றன. பழைய டீசல் என்ஜினைப் பார்க்க விரும்புகிறவர் பொருட்காட்சிச் சாலையைத்தான் நாடவேண்டும்.

கன்னியாகுமரியில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறி டில்லி செல்லும் நம் குடும்பங்கள் குதுப்மினாரைப் பார்க்கின்றன. கடைவீதியை ஒன்றுக்கு இரண்டு முறை பார்க்கின்றன. சாணக்யபுரியில் 1977-ல் திறக்கப்பட்ட தேசிய ரயில் பொருட்காட்சிச் சாலைக்குப் போகிறவர்கள் சிலரே. அங்கே நிற்கும் டீசல் என்ஜின்களுள் இரண்டை நேயர்கள் அவசியம் பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஒன்றின் எண் 18040. மற்றதன் எண் 18001. இரண்டும் 1962-ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தவை. இரண்டுக்கும் 2,600 குதிரைச் சக்தி.

முதலாவது, ஆல்கோ என்ற கம்பெனியின் தயாரிப்பு, ‘டபிள்யூ.டி.எம். 2’ என்ற வகையின் தலைப்பிள்ளை. இரண்டாவது, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியாருடையது, ‘டபிள்யூ.டி.எம். 4’ என்று பெயர். பின்னதைத் தேர்ந்த யந்திரம் என்று புகழ்வோர் பலர். 1969-ல் முதல் ராஜதானி எக்ஸ்பிரஸை இழுத்த பெருமையும் அவ்வகையினுடையதே. ஆனாலும் நம் நாட்டுக்கு அதில் வந்தவை 72 மட்டுமே. யந்திரத்தை விற்பதோடு அதைச் செய்யும் வித்தையையும் கற்றுத்தர ஆல்கோ கம்பெனியார் இசைந்தார்கள்; மற்றவர் இசையவில்லை என்பார்கள். ஆகவே, காசியில் அமைந்த டீசல் என்ஜின் தொழிற்சாலையில் ஆல்கோவின் மாதிரியே அடுப்பேறிற்று. 1964 ஜனவரியில் அங்கே பூட்டிய முதல் என்ஜினை நாட்டுக்கு அர்ப்பணித்தவர் லால்பகதூர் சாஸ்திரி. பின்னர் நடந்ததுதான் வேடிக்கை. 1969-ல் ஆல்கோ கம்பெனி தன் ஊரில் என்ஜின் செய்வதையே நிறுத்திவிட்டது. சிஷ்யப் பிள்ளையோ 1998 வரை அதே வகையைச் செய்துகொண்டிருந்தான்! மொத்தத் தொகை ஏறக்குறைய 2,700.

நாம் வாங்கிய பண்டத்தையும் நாம் கற்ற வித்தையையும் ஒரே முற்றத்தில் நிறுத்தி வைத்திருப்பது நல்ல காரியம். ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய நீராவி என்ஜின் தன் ரகசியத்தை ஒளிப்பதில்லை. கொதிகலம், உலக்கைபோல் நீண்ட தண்டு, ஆளுயரச் சக்கரம் எல்லாம் வெளியே கிடக்கின்றன. பத்து வயதுப் பையன் தானே பார்த்து விளங்கிக்கொள்வான். டீசல் என்ஜினோ, வெளியே நிற்பவனுக்கு வர்ணம் பூசிய நீண்ட இரும்புப் பெட்டி. பெட்டிக்குள்ளே இரண்டு வரிசையாகப் பதினாறு சிலிண்டர்கள். தீப்பொறி ஏதுமின்றி, நெருக்கப்பட்ட காற்றின் சூட்டினாலேயே அவற்றில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது. அந்தச் சக்தி நேரே சக்கரத்துக்குப் போவதுமில்லை. அது மின்சாரமாகி, ஆறு அச்சுகளிலும் உள்ள ஆறு மோட்டார்களைச் சுழற்றுகிறது. டீசல் வண்டி என்று நாம் அழைத்தது, தன் மின்சார நிலையத்தைத் தானே சுமந்து சென்ற ஒரு மின்சார வண்டிதான்!

டிரைவர் கைப்பிடியைச் சட்டென்று திருப்பினால் கூண்டிலிருந்து கன்னங்கரேலென்று புகை எழுமே, அதற்குக் காரணம் என்ன? எண்ணெய் உடனே வந்துவிடும். அதற்கு ஈடான காற்றை ஊதித் தரும் விசிறி வேகம் பிடிக்கச் சற்று நேரமாகும். எரியாத எண்ணெய் புகையாகிவிடும். நீண்ட மூக்குப்புறம் முன்னால் வரும்படி ஓட்ட நேரும்போது, எதிரே பாதை சரியாகத் தெரியாமல் டிரைவரும் உதவியாளும் ஆளுக்கொரு பக்கம் எட்டிப் பார்த்துச் சிக்னலை உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். நிறுத்தி வைத்த யந்திரத்தைச் சுற்றி வந்தால் இவை எப்படித் தெரியும்?

இவற்றையெல்லாம் கையாலும் காதாலும் அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உறுமலின் பேதத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் படுத்துவிட்டது என்று சொல்லக்கூடிய பிட்டர்களும், ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி ஓட்டிய டிரைவர்களும் ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்கள். பழைய என்ஜின் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும், அவர்களில் ஒருவரை ஞாயிறுதோறும் அழைத்து, பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யலாம். ரயில்வேக்கு இதனால் ஆகும் செலவு ஒரு நாற்காலியும் இரண்டு வேளைக் காப்பியும்.