மொட்டைக் கடுதாசியும் சட்டமும்

மொட்டைக் கடுதாசி நமக்குப் புதிதன்று. கையெழுத்தில்லாத ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் நிம்மதியைக் குலைத்த கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும். ஆனால் அதைப் படித்தவர் ஒரு வீட்டாரே. இக்காலத்துச் சமூக வலைத்தளத்திலோ, பொய்ப் பெயரில் ஒருவன் எழுதும் அவதூறு ஒரு நாழிகைக்குள் லட்சம் பேர் கண்ணில் படுகிறது. ஆகவே, "அடையாளத்தை நிரூபித்த பின்னரே எவரும் எழுதலாம் என்று சட்டம் செய்தால் என்ன?" என்று நல்லவர் பலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், இதைச் செய்தே பார்த்த தேசம் ஒன்று உண்டு. அதன் அனுபவத்தை அறிந்தபின் தீர்ப்புச் சொல்லுவது உசிதம்.

அத்தேசம் தென் கொரியா. அங்கே ஒவ்வொரு பிரஜைக்கும் 13 இலக்கங்கள் கொண்ட பதிவு எண் உண்டு. பெரிய இணையதளங்களில் அபிப்பிராயம் எழுத விரும்புவோர் தாம் இன்னார் என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும் என்னும் சட்டம் 2007 ஜூலையில் அமுலுக்கு வந்தது. வாசிப்பவர்க்குப் புனைபெயர் தெரிந்தால் போதும். தளத்தாருக்கு மட்டும் உண்மை ஆள் தெரிந்திருக்க வேண்டும்.

அபவாதம் ஒழிந்ததா? 2008 அக்டோபரில், இணையத்தில் பரவிய வதந்திகளால் மனம் நொந்திருந்த சோய் ஜின்-சில் என்னும் புகழ்பெற்ற நடிகை உயிர் துறந்தார். சர்க்கார் சட்டத்தை இன்னும் இறுக்கி, 2009-இல் நாளொன்றுக்கு 1 லட்சம் பேருக்கு மேல் வரும் தளங்களுக்கும் விரித்தது. யூடியூப் நிறுவனத்தாரோ இதற்கு இணங்காமல், கொரியப் பகுதியில் படம் ஏற்றுவதையும் கருத்து எழுதுவதையுமே நிறுத்திவிட்டனர். ஜனங்கள் தளத்தில் தம் தேசத்தை மாற்றிக் குறித்துக்கொண்டால் முன்போலவே எழுத முடிந்தது!

பின்னர் விழுந்தது பேரிடி. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்டு என்னும் தளங்களுக்குள் கணினித் திருடர் புகுந்து, சுமார் 3.5 கோடிப் பேருடைய விவரங்களைக் கவர்ந்து சென்றனர். அத்தேசத்தின் ஜனத்தொகையே சுமார் 5 கோடிதான்! இதற்குச் சட்டம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். ஆனால் ஊரார் சாவிகளையெல்லாம் ஒரே பெட்டியில் சேர்த்து வைத்தால், திருடன் வேறு எங்கே போவான்?

2012 ஆகஸ்ட் 23-ஆம் தேதி, கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் இச்சட்டம் செல்லாது என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சட்டவிரோதமான எழுத்துக்கள் குறிப்பிடும்படி குறையவில்லை என்பதும், எழுதுவோர் அயல்நாட்டுத் தளங்களை நாடினர் என்பதும் நீதிபதிகள் கூறிய காரணங்களுள் அடங்கும்.

தீயவன் பிறர் எண்ணைத் திருடியாவது எழுதுவான். மேலதிகாரியின் ஊழலை வெளியிட எண்ணும் குமாஸ்தாவும், அடிக்கும் கணவனிடமிருந்து தப்ப வழி கேட்கும் பெண்ணுமே வாய் மூடுவர். அவர்களுக்குப் புனைபெயர் வேஷமன்று, கவசம்.

நம் இந்தியாவில் 2021-இல் வந்த விதிகள், விரும்புவோர் தம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளப் பெரிய தளங்கள் வசதி செய்ய வேண்டும் என்கின்றன, எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதுவே தக்க எல்லை என்பது நம் அபிப்பிராயம். அவதூறு செய்தவனை நியாயஸ்தலத்தின் உத்தரவு பெற்றுத் தேடிப் பிடிக்கட்டும். அதற்கு வேண்டிய வேகத்தைப் போலீஸாருக்கு அளிக்கட்டும். ஒரு பாவமும் அறியாத கோடிப் பேரின் பெயரை முன்கூட்டியே வாங்கிப் பூட்டி வைப்பானேன்?

எஞ்சிய பொறுப்பு நம் வீடுகளையும் பள்ளிகளையும் சேர்ந்தது. ஆள் தெரியாத வசையை நம்பாமலும், அடுத்தவருக்கு அனுப்பாமலும் இருக்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். கேட்பார் இல்லாத இடத்தில் புறங்கூறுகிறவன் எத்தனை நாள் கூவிக்கொண்டிருப்பான்?