கணினியின் உறுப்புகள் – 12: கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைக் கூட்டினால்

கிராபிக்ஸ் கார்டில் உள்ள சிப், கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. நொடிக்கு எத்தனை துடிப்பு என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்து அனுப்புகிறார். அந்த எண்ணிக்கையைப் பயனர் தன் பொறுப்பில் உயர்த்திக்கொள்வதுதான் ஓவர்கிளாக்கிங். ஒரே சிலிக்கான் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த சிப்புகள்கூட ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை. ஒன்று குறைந்த மின்னழுத்தத்திலேயே வேகமாக ஓடும். மற்றொன்று சற்று மந்தம். விற்பனைக்கு வரும் எல்லாக் கார்டுகளும் தடங்கலின்றி எட்டக்கூடிய வேகத்தைத்தான் பெட்டியின் மேல் அச்சிட முடியும். நல்ல சிப் அமைந்தவருக்கு அதற்கு மேல் மிச்சம் இருக்கும். எது கைக்கு வரும் என்பது குலுக்கல்தான்.

அந்த மிச்சம் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. ஏஎம்டியின் ரேடியான் எச்டி 7970, 2012 ஜனவரியில் 925 மெகாஹெர்ட்ஸ் வேகத்துடன் கடைக்கு வந்தது. 1,100-ஐத் தாண்டி ஓடிய கார்டுகள் ஏராளம். ஆறு மாதத்துக்குள் அந்த நிறுவனமே வேகத்தை 1,000 ஆக்கி, 'கிகாஹெர்ட்ஸ் எடிஷன்' என்று விற்றது. அதே ஆண்டு மார்ச்சில் என்விடியா, ஜிடிஎக்ஸ் 680 கார்டில் 'ஜிபியு பூஸ்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மின்நுகர்வு வரம்புக்குள் இருக்கும்வரை கார்டு தன் வேகத்தைத் தானே ஏற்றிக்கொள்ளும். அடுத்தடுத்த தலைமுறைகளில் வெப்பமும் கணக்கில் சேர்ந்தது. பயனர் கையால் எடுத்துக்கொண்டிருந்த மிச்சத்தில் பெரும்பகுதியை அன்றிலிருந்து கார்டே எடுத்துக்கொள்கிறது.

2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 இதற்கு நல்ல உதாரணம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த அறிமுக விழாவில், அந்தக் கார்டு 2,114 மெகாஹெர்ட்ஸில், 67 டிகிரி செல்சியஸில் ஓடுவதைத் திரையில் காட்டினார்கள். பெட்டியில் போட்டிருந்த பூஸ்ட் வேகம் 1,733 மட்டுமே. கிட்டத்தட்ட 22 சதவீத உயர்வு என்று தோன்றும். ஆனால் எதையும் தொடாமலேயே அந்தக் கார்டு கேம்களில் 1,800-க்கு மேல் ஓடியது. எனவே உண்மையான ஆதாயம் பத்து சதவீதத்தை ஒட்டியே நின்றது. நொடிக்கு 60 பிரேம் காட்டிய கேம் 66 காட்டும். 4கே திரையில் தடுமாறும் கேமுக்கு அது உதவும். மற்றபடி கண்ணுக்குத் தெரிவது கடினம்.

இந்தப் பத்து சதவீதத்துக்கான விலை மின்சாரத்தில் இருக்கிறது. சிப்பின் மின்நுகர்வு வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் கூடும். அழுத்தத்தை 1.062 வோல்ட்டிலிருந்து 1.093-க்கு ஏற்றி, வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் மின்நுகர்வு 16 சதவீதத்துக்கும் மேல் ஏறும். அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியேற வேண்டும். 24 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டும் கார்டு, சென்னையின் மே மாதத்தில் 36 டிகிரி அறைக்கு வந்தால், விசிறி அதே வேகத்தில் சுற்றும்போது ஏறக்குறைய 82-ஐத் தொடும். ஜிடிஎக்ஸ் 1080-க்கு நிர்ணயித்த வெப்ப இலக்கு 83. சூடு ஏற ஏற அது 12, 13 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; பயனர் கூட்டியதில் ஒரு பகுதி இப்படியே கரைந்துவிடும். வெளிநாட்டு மதிப்பீடுகளில் வரும் எண்களை ஏசி இல்லாத அறையில் எதிர்பார்க்கக் கூடாது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் உள்ள ஸ்லைடரை நகர்த்தி வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் கனமான ஒரு காட்சியை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். எல்லை நெருங்கும்போது திரையில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். சுவர்களில் சதுரங்கக் கட்டங்கள் தோன்றும். தாண்டிவிட்டால் படம் உறைந்து, திரை கறுத்து, டெஸ்க்டாப் திரும்பி வரும். சிப்பிடமிருந்து இரண்டு நொடி பதில் இல்லையென்றால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைத்துவிடும் என்பதே காரணம். இதனால் கார்டு பழுதாவதில்லை. வேகத்தைக் குறைத்தால் எல்லாம் பழையபடி ஓடும்.

நினைவகம் இவ்வளவு வெளிப்படையாக எச்சரிக்காது. ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகளில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகம், பரிமாற்றத்தில் நேரும் பிழையைக் கண்டுபிடித்துத் தரவை மறுபடி அனுப்பும். திரையில் கோளாறு எதுவும் தெரியாது. ஆனால் மறு அனுப்புதலில் நேரம் போவதால், வேகத்தைக் கூட்டக் கூட்டப் பிரேம் எண்ணிக்கை குறையத் தொடங்கும். ஆகவே நினைவகத்தைச் சோதிப்பவர், திரையை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு படியிலும் பிரேம்களை அளந்து பார்க்க வேண்டும்.

நிரந்தரச் சேதம் பெரும்பாலும் மின்னழுத்தத்தால் வருவது. அதிக மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்தால், சிப்புக்குள் ஓடும் நுண்ணிய உலோகக் கம்பிகளின் அணுக்கள் மெல்ல இடம்பெயர்ந்து, நாளடைவில் கம்பி அறுந்துபோகும். இதனால்தான் தயாரிப்பாளர்கள் மின்னழுத்த ஸ்லைடருக்கு உச்சவரம்பு போட்டுவிடுகிறார்கள். வரம்புக்குள் நின்று வேகத்தை மட்டும் கூட்டுபவர் கார்டை எரித்துவிடுவது அரிது. கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி வரம்பை உடைப்பது வேறு விஷயம். வாரண்டி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

புதிய கார்டுகளில் மிச்சம் மிகவும் மெலிந்துவிட்டது. 2020 செப்டம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுகளில் சில, பயனர் எதையும் தொடாமலேயே 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிச் சென்று கேம்களில் நின்றுபோயின. அந்த மாத இறுதியில் வந்த டிரைவர் மேம்பாட்டுக்குப் பிறகுதான் தொல்லை பெருமளவு அடங்கியது. இப்போது பலர் எதிர்த்திசையில் போகிறார்கள். வேகத்தை அப்படியே வைத்து மின்னழுத்தத்தைக் குறைக்கும் 'அண்டர்வோல்டிங்' முறையில் சூடும் விசிறிச் சத்தமும் தணிகின்றன. வெப்பமான ஊர்களில் வாழ்பவர்களுக்கு இதுவே முதலில் முயல வேண்டியது. இதிலும் எல்லையைத் தாண்டினால் கேம் நின்றுபோகும். சோதனை முறை அதேதான்.

கேமில் ஒரு பிக்சல் தவறாக வந்தால் அடுத்த பிரேமில் மறைந்துவிடும். இரவு முழுவதும் ஓடும் 3டி ரெண்டரிங்கிலோ அறிவியல் கணக்கீட்டிலோ அதே தவறு முடிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. அப்படிப்பட்ட வேலைக்குப் பயன்படும் கார்டு தொழிற்சாலை வேகத்திலேயே இருக்க வேண்டும்.