வெப்பநிலத்தில் உறைபனி: ஆயத்தம் என்பதன் சமூகப் பொருள்

இயற்கை அனர்த்தம் என்றவுடன் இயற்கையைப் பற்றியே பேசத் தொடங்கிவிடுவது நமது வழக்கமாக உள்ளது. புயலின் வேகம், வெள்ளத்தின் உயரம், குளிரின் கடுமை என்பன அளந்து கூறப்படுகின்றன. அனர்த்தம் வருமுன்னர் யார் எதனைச் செய்தனர், எதனைச் செய்யாது விட்டனர், அதற்குரிய செலவை யார் ஏற்க மறுத்தனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டுவிடுகின்றன. ஆண்டுதோறும் வரும் இடரை எதிர்கொள்ள மக்கள் அனுபவத்தாற் கற்றுக்கொள்கின்றனர். ஒரு தலைமுறையில் ஓரிரு தடவை மாத்திரம் வரும் இடரே ஒரு சமூகத்தின் பொருளாதார அமைப்பைச் சோதனைக்கு உள்ளாக்குகின்றது. ஏனெனில், அத்தகைய இடரை எண்ணிச் செலவிடும் பணம் நெடுங்காலம் வீண்செலவாகவே தோன்றும்.

வெப்பநிலமொன்றிலே கடுங்குளிர் வருவது இவ்வகை இடராகும். 2021 பெப்ரவரி நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்தவற்றைச் சான்றாகக் கொண்டு, ஆயத்தம் என்பது தனிமனிதரின் முன்யோசனை மாத்திரந்தானா, அன்றி அது ஒரு சமூக ஏற்பாடா என்பதனை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

குளிர் வந்த வழி

ரெக்சாஸின் தென்கோடி தோடை முதலிய பழமரங்கள் வளரும் நிலமாகும். மாநிலத்தின் பெரும்பகுதியில் வீடுகளும் ஆலைகளும் நீண்ட கோடையின் வெப்பத்தை மனத்திற்கொண்டே கட்டப்பட்டுள்ளன. ஆயினும், வடதுருவப் பகுதிக்கும் மெக்சிக்கோ வளைகுடாவுக்கும் இடையே கிழக்கு மேற்காகச் சென்று காற்றை மறிக்கும் மலைத்தொடர் எதுவும் இல்லை. கனடாவிலிருந்து இறங்கும் குளிர்காற்று பெருஞ்சமவெளியூடாகத் தெற்கே நேராக வந்துவிடும். 2021 சனவரியில் துருவத்தின் மேலான படைமண்டலம் திடீரென வெப்பமடைந்தமையால், துருவத்தைச் சுற்றி வீசும் காற்றுச்சுழல் குலைந்தது. அதனைத் தொடர்ந்த வாரங்களில் துருவக் குளிர்காற்று தெற்கே சரிந்தது. புவி வெப்பமடைதலுக்கும் இத்தகைய குலைவுகளுக்கும் உள்ள தொடர்பு விஞ்ஞானிகளிடையே இன்னும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது.

நுவரெலியாவில் சில ஆண்டுகளில் தை, மாசி மாதங்களின் விடியற்பொழுதிலே புல்லின் மீதும் தேயிலைக் கொழுந்தின் மீதும் உறைபனி படிவதை நாம் அறிவோம். வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். அமெரிக்க வானிலையாளர் கடும் உறைவு என வழங்குவது இதனின்றும் வேறுபட்டதாகும். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 2 பாகை செல்சியசுக்கு இறங்கி, அந்நிலையிற் பல மணிநேரம் நிற்பதே கடும் உறைவு. 2021 பெப்ரவரி 16ஆந் திகதி டலஸ் பகுதியில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 19 பாகை வரை இறங்கியது. 1949இன் பின்னர் அங்கு அத்தகைய குளிர் பதிவாகவில்லை. அப்பகுதியில் ஐந்து நாட்களுக்கு மேலாக வெப்பநிலை உறைநிலையைத் தாண்டி மேலே வரவேயில்லை.

வீட்டின் ஆயத்தம்

இவ்வாறான குளிர் வருமுன் குடும்பங்கள் செய்யவேண்டியனவாகக் கூறப்படுபவை நான்கு பொருள்களைப் பற்றியவை: மனிதர், வளர்ப்பு விலங்குகள், செடிகள், நீர்க்குழாய்கள். ஆங்கிலத்தில் இந்நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மக்கள் மனத்தில் எளிதிற் பதிந்துள்ளன.

இவற்றுள் நீர்க்குழாயே மிகுந்த சேதத்தை விளைப்பது. நீர் பனிக்கட்டியாகும்பொழுது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதத்தால் அதிகரிக்கின்றது. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, அதற்கும் மூடிய திருகுக்கும் இடையே அகப்பட்ட நீரின் அமுக்கம் ஏறிக் குழாய் வெடிக்கின்றது. இதனாலேயே வெளிக்குழாய்களைத் துணியாற் சுற்றுமாறும், உள்ளே உள்ள திருகைச் சிறிது திறந்து நீரைச் சொட்டவிடுமாறும் கூறுவர். சொட்டும் நீர் அமுக்கத்தைத் தணிக்கும். குளிர் நாடுகளில் குழாய்கள் வீட்டின் உட்புறத்தே செல்வன. ரெக்சாஸ் வீடுகள் பலவற்றில் அவை வெளிச்சுவரினுள்ளும் கூரைக்குக் கீழான வெற்றிடத்திலும் செல்கின்றன. கோடைக்கு ஏற்ற கட்டட முறை குளிரில் எதிராக மாறுவதற்கு இது தக்க உதாரணமாகும்.

செடிகளின் அடியில் முன்னரே நீர் ஊற்றுவதற்கும் காரணமுண்டு. ஈரமண் உலர்மண்ணைவிடக் கூடிய வெப்பத்தைத் தன்னகத்தே வைத்திருக்கும். போர்வை நிலம்வரை தொங்கவேண்டும் என்பதும் மண்ணிலிருந்து எழும் அவ்வெப்பம் வெளியேறாமல் இருப்பதற்காகவே. இவற்றுடன், வீட்டினுள்ளே கரியடுப்பையோ மின்பிறப்பாக்கியையோ இயக்கலாகாது என்பது முக்கியமான எச்சரிக்கையாகும். அவற்றிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குவோரை அது உறக்கத்திலேயே கொன்றுவிடும்.

இவையெல்லாம் பயனுள்ள அறிவுரைகளே. எனினும், இவற்றுக்கு அடியில் சொல்லப்படாத ஓர் எடுகோள் உண்டு. வெளியே எவ்வளவு குளிராயினும் வீட்டுக்கு மின்சாரமும் நீரும் வந்துகொண்டிருக்கும் என்பதே அந்த எடுகோள். ரெக்சாஸ் வீடுகளில் ஐந்தில் மூன்று பங்கு மின்சாரத்தாலேயே சூடாக்கப்படுகின்றன. 2021இல் அந்த எடுகோளே பொய்த்தது.

நான்கு நிமிடங்கள்

பெப்ரவரி 15ஆந் திகதி அதிகாலை ஒரு மணிக்குப் பின்னர் மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. 60 சுற்றில் நிற்கவேண்டிய மின்வலையின் மீடிறன் செக்கனுக்கு 59.3 சுற்றளவுக்கு வீழ்ந்தது. 59.4 சுற்றுக்குக் கீழே 9 நிமிடங்கள் நின்றால், எஞ்சிய மின்பிறப்பாக்கிகளும் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே விலகிவிடும். அவ்வாறு நிகழ்ந்திருப்பின் மாநிலம் முழுவதும் பல வாரங்கள் இருளில் மூழ்க நேர்ந்திருக்கும். ‘எர்கொட்’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் மின்வலை நிறுவனம் நகரங்களின் இணைப்பைத் துண்டிக்குமாறு பணித்து, அந்த எல்லைக்கு 4 நிமிடமும் 37 செக்கனும் இருக்கையில் வீழ்ச்சியை நிறுத்தியது. துண்டிப்பின் உச்ச அளவு 20,000 மெகாவாற்று. வீடுகளும் வணிக நிலையங்களுமாக 45 இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் மின்சாரத்தை இழந்தன. துண்டிப்பு ஏறத்தாழ மூன்று நாட்கள் நீடித்தது.

மின்சாரம் நின்றதும் குழாய்கள் வெடித்தன. நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் இயங்காது நின்றன. 1 கோடி 40 இலட்சம் மக்களின் நீர் விநியோகம் பாதிப்புற்றது. திருகைச் சொட்டவிடுமாறு மக்களுக்குக் கூறப்பட்டிருந்ததைக் கண்டோம். இப்பொழுது நகரக் குழாய்களில் நீரமுக்கம் குறைந்துவிட்டமையால், சொட்டவிட வேண்டாம் என நகராட்சிகள் கேட்டுக்கொண்டன. வீடு தன்னைக் காக்கச் செய்யும் செயல் நகரத்துக்குத் தீங்காயிற்று. பொதுக் கட்டமைப்பு தளர்ந்தவிடத்துத் தனி ஆயத்தம் எத்துணை தூரம் செல்லும் என்பதனை இதனிலும் தெளிவாகக் காட்டுவது அரிது.

மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் கணக்கின்படி இறந்தோர் 246 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் குளிரில் உடல்வெப்பம் தாழ்ந்து மாண்டவர்கள். ஏனையோருள், சூடு தேடிக் காபனோரொட்சைட்டுக்கு இரையானோரும், மின்சாரத்தில் இயங்கும் மருத்துவக் கருவிகள் நின்றமையால் உயிரிழந்தோரும் அடங்குவர். நகர மையங்களில் ஆளற்ற அலுவலகக் கட்டடங்கள் ஒளிர்ந்துகொண்டிருக்க, அவற்றுக்கு அப்பாலுள்ள குடியிருப்புகள் இருண்டு கிடந்தமை அந்நாட்களிற் பெருங் கண்டனத்திற்கு உள்ளாயிற்று.

உறைந்தவை யாவை?

காற்றாலைகளே இதற்குக் காரணம் என அரசியல்வாதிகள் சிலர் உடனடியாகக் கூறினர். காற்றாலைகள் சில உறைந்தமை உண்மையே. ஆயினும், சமஷ்டி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் வட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகமும் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை வேறொரு சித்திரத்தைத் தருகின்றது. ரெக்சாஸையும் அயல் மாநிலங்களையும் சேர்த்து, செயலிழந்த அல்லது உற்பத்தி குறைந்த மின்பிறப்பாக்கி அலகுகள் 1,045. அவற்றுள் இயற்கை வாயுவினால் இயங்குபவை 58 சதவீதம். காரணங்களுள் உறைவு 44 சதவீதமும் எரிபொருட் குறைபாடு 31 சதவீதமுமாகும். உறைவினால் நின்றவற்றுட் பெரும்பாலானவை, தாம் தாங்கக்கூடியதாகக் குறிப்பிடப்பட்டிருந்த வெப்பநிலையிலும் கூடிய வெப்பநிலையிலேயே நின்றுவிட்டன என்பது விசேடமாக அவதானிக்கத்தக்கது.

உறைந்தவை பெரும் இயந்திரங்களல்ல. குளிர் நாடுகளில் மின் நிலையங்கள் சுவர்களால் மூடப்பட்டவை; ரெக்சாஸில் வெப்பம் வெளியேறுவதற்காகத் திறந்தவெளியில் அமைக்கப்பட்டவை. அவற்றில் அமுக்கத்தை அளக்கும் சிறு குழாய்களில் நீர் ஓடாது தேங்கி நிற்கும். அது உறைந்ததும் கருவி பிழையான அளவைக் காட்ட, இயந்திரம் தானாகவே நின்றுவிடும். தென் ரெக்சாஸ் அணு மின் நிலையத்தின் ஓர் அலகு பெப்ரவரி 15 அதிகாலை நின்றதும் இவ்வாறே. வாயுக் கிணறுகளில் வாயுவுடன் கலந்து வரும் நீர் உறைந்து வாயிலை அடைத்தது. வாயுவை உந்தும் நிலையங்கள் சிலவற்றின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது. துண்டிக்கலாகாத இடங்களின் பட்டியலில் அவை பதிவு செய்யப்பட்டிருக்கவில்லை. மின்சாரம் நின்றதால் வாயு குறைந்தது. வாயு குறைந்ததால் மின்சாரம் மேலும் நின்றது.

முன்னரே அறிந்தவை

இவை எதிர்பாராதவையா? 1989 டிசெம்பரில் வந்த குளிரிலும் ரெக்சாஸ் மின் நிலையங்கள் உறைந்தன. சுழற்சிமுறை மின்வெட்டு நடைபெற்றது. குழாய்களுக்கு வெப்பக்காப்பு இடுமாறு விதந்துரைக்கப்பட்டது. 2011 பெப்ரவரியில் மீண்டும் 4,000 மெகாவாற்றைத் துண்டிக்க நேர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த சமஷ்டி அறிக்கை, 1989இல் உறைந்த நிலையங்கள் பல 2011இலும் உறைந்தன என்பதனைச் சுட்டிக்காட்டி, அதே விதந்துரைகளை மீண்டும் வழங்கியது. அவற்றை நிறைவேற்றுவது நிறுவனங்களின் விருப்பத்துக்கே விடப்பட்டது.

எனவே, குறை அறிவில் இல்லை. அறிவைச் செயலாக்குவது எவருக்கும் இலாபமாக இல்லாதிருந்ததே குறை. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் ரெக்சாஸ் மின்துறை போட்டிச் சந்தையாக மாற்றப்பட்டது. விற்ற மின்சாரத்துக்கே நிலையத்துக்குப் பணம். ஆயத்தமாக நிற்பதற்குப் பணம் இல்லை. பற்றாக்குறையின்போது விலை ஏறும், அந்த எதிர்பார்ப்பே நிலையங்களை ஆயத்தமாக வைத்திருக்கும் என்பது கோட்பாடு. 2021இல் விலை மெகாவாற்று மணிக்கு 9,000 டொலர் என்னும் உச்சவரம்பை எட்டியது. ஆனால், உறைந்த குழாயை விலை உருக்கவில்லை. சமஷ்டி ஒழுங்குவிதிகளைத் தவிர்ப்பதற்காக மாநில மின்வலை அயல் மாநில வலைகளிலிருந்து பெரிதும் தனித்தே வைக்கப்பட்டிருந்தமையால், வெளியிலிருந்து பெறக்கூடிய உதவியும் சொற்பமாயிற்று. வாயு விநியோக நிறுவனங்களின் மிகைச்செலவை ஈடுசெய்யப் பிணைமுறிகள் வெளியிடப்பட்டு, வாடிக்கையாளர் அவற்றைத் தமது கட்டணங்கள் மூலம் பல்லாண்டுகள் செலுத்தும் ஏற்பாடும் பின்னர் செய்யப்பட்டது. ஆயத்தத்தின் செலவு மிச்சமாகவில்லை. ஓரிடத்திலிருந்து வேறோரிடத்துக்கு மாற்றப்பட்டதே உண்மை.

மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள எல் பாசோ நகரம் ஒப்புநோக்கற்பாலது. இந்நகரம் மேற்கு மாநிலங்களின் மின்வலையைச் சேர்ந்தது; போட்டிச் சந்தைக்கு உட்படாதது. 2011இல் இதுவும் இருளில் மூழ்கியது. அதன்பின்னர் கருவிகளுக்குக் காப்பு இடப்பட்டது. கடுங்குளிரைத் தாங்கக்கூடிய புதிய நிலையமும் கட்டப்பட்டது. 2021இல் அங்கு மின்வெட்டு மிகச் சிலரையே, குறுகிய நேரமே பாதித்தது. 2021இல் அந்நகரின் குளிர் 2011இன் அளவுக்குக் கடுமையாக இருக்கவில்லை என்பதனையும் கருத்திற் கொள்ளவேண்டும். ஆயினும், செய்யத்தக்கது செய்யப்பட்டது என்னும் வேறுபாடு நிலைத்து நிற்கின்றது.

முடிவுரை

2021 யூனில் நிறைவேறிய மாநிலச் சட்டம் மின் நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கியது. வாயுத்துறைக்கான விதிகள் 2022 ஓகஸ்ற்றிலேயே வந்தன. 2022 டிசெம்பரிலும் 2024 சனவரியிலும் வந்த குளிர்களின்போது மாநில மின்வலையிற் சுழற்சிமுறை மின்வெட்டு நேரவில்லை. அக்குளிர்கள் 2021ஐப் போல நீண்டவையல்ல. எனினும், விருப்பத்துக்கு விடப்பட்டு முப்பது ஆண்டுகளாக நடவாத ஒன்று, கட்டாயமாக்கப்பட்ட பின் சில ஆண்டுகளில் நடைபெறத் தொடங்கியது என்பதை மறுத்தல் இயலாது.

வீட்டார் குழாயைச் சுற்றுவதும் செடியைப் போர்த்துவதும் வேண்டியனவே. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், ஆயத்தத்தை வீட்டுக் கடமையாக மட்டும் போதிக்கும் சமூகம், பொதுக் கடமையை நிறைவேற்றாதோரைக் கேள்விக்கு உட்படுத்தாது விட்டுவிடுகின்றது. நுவரெலியாவில் உறைபனியாற் கொழுந்து கருகும்போதும், அந்நாட்களின் வேதன இழப்பை ஏற்பவர் தோட்ட நிர்வாகமா, கொழுந்து பறிக்கும் பெண்ணா என்னும் வினா எழவே செய்கின்றது. குளிரின் அளவு வேறு, வினா ஒன்றே. அரிதாக வரும் இடருக்கு முன்கூட்டியே விலை கொடுப்பவர் யார் என்பது தீர்மானிக்கப்படாவிடின், அது வந்த பின்னர் விலை கொடுப்பவர் யார் என்பது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டுவிட்டது எனலாம்.